அலமாரி விரிப்பும் ஆண்டுக் கணக்கும்

சிறு துளி பெருவெள்ளம் என்னும் முதுமொழியைப் பெரும்பாலும் சேமிப்புக்கே எடுத்துக்காட்டுகிறோம். செலவுக்கும் அது அதே அளவு பொருந்தும். மாதந்தோறும் ஒழுங்காக வீட்டுக் கணக்கு எழுதும் குடும்பங்களில்கூடத் தனித் தலைப்புப் பெறாத செலவுகள் சில உண்டு. சமையலறை அலமாரித் தட்டுகளில் விரிக்கும் விரிப்பு அவற்றுள் ஒன்று. பண்டிகைக்கு முன் வீட்டைத் தூய்மை செய்யும்போது பழைய விரிப்பைச் சுருட்டி எறிகிறோம். கடைக்குச் சென்று, பூப்போட்ட புதிய சுருள் ஒன்றை வாங்கி வந்து, வெட்டி விரிக்கிறோம். அடுத்த ஆண்டு அதையும் எறிகிறோம்.

இந்தச் சிறு வழக்கத்தில் நம் பணம், நாம் உண்ணும் உணவு, நாம் எறியும் குப்பை ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. கவிழ்த்து வைத்த தம்ளரின் விளிம்பும், எண்ணெய்ப் பாத்திரத்தின் அடிப்பகுதியும், குழந்தையின் பால் கிண்ணமும் நாள்தோறும் அந்த விரிப்பைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. எறிந்த விரிப்போ நம் கண்ணை விட்டு மறைகிறதே தவிர, மண்ணை விட்டு மறைவதில்லை.

இன்று கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று அச்சிட்ட விரிப்புகள் பல வந்துள்ளன. சணல், மூங்கில், கார்க், பருத்தி எனப் பெயர்களும் பல, விலைகளும் பல. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? வணிகவியல் படித்து வங்கிப் பணியில் இருக்கும் நமக்குப் பழக்கமான ஒரு கேள்வியே இங்கும் வழிகாட்டும்: இப்பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும், உழைத்து முடித்தபின் எங்கே போகும்?

விரிப்பு எதற்காக?

வாங்குமுன் விரிப்பின் வேலை என்ன என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. எண்ணெய், நெய், தேன் போன்றவை வழிந்து தட்டில் வட்டக் கறை படியாமல் தடுத்தல், கனமான பாத்திரங்கள் தட்டின் பரப்பைக் கீறாமல் காத்தல், கண்ணாடிப் பொருள்கள் வழுக்காமல் நிறுத்துதல், கழுவிய பாத்திரத்தின் ஈரத்தை உறிஞ்சுதல், தட்டைத் துடைக்கும் வேலையைக் குறைத்தல் என ஐந்து வேலைகளைச் சொல்லலாம்.

ஒரே விரிப்பு இந்த ஐந்தையும் செவ்வனே செய்வதில்லை. ஈரத்தை உறிஞ்சும் பொருள் எண்ணெயையும் உறிஞ்சிக் கறை ஏற்கும். எண்ணெயை ஏற்காத பொருள் ஈரத்தையும் ஏற்காமல் தன் அடியில் தேக்கிவைக்கும். ஆகவே வீடு முழுமைக்கும் ஒரே சுருளை வாங்குவதைவிட, எந்தத் தட்டுக்கு எந்த வேலை தேவை என்று பிரித்துப் பார்ப்பதே சிக்கனத்தின் முதற்படி.

விரிப்பே வேண்டாத தட்டுகள்

நம் நாட்டுச் சமையலறைகளில் பலவற்றில் அலமாரித் தட்டுகள் கடப்பா கல்லால் ஆனவை. தமிழகத்திலும் ஆந்திரத்திலும் மட்டுமன்றி, மும்பை, புனே நகரங்களின் பழைய குடியிருப்புகளிலும் இதைக் காணலாம். துடைத்தால் தூய்மையாகும் இக்கல்லுக்கு விரிப்பு தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. எலுமிச்சைச் சாறு, வினிகர், புளிக்கரைசல் போன்ற புளிப்புப் பொருள்கள் பட்டால் அதன் மெருகு மங்கும். ஊறுகாய் ஜாடியின் கீழ் ஒரு பீங்கான் தட்டை வைத்தால் போதும். கிரானைட், ஓடு பதித்த தட்டுகள், துருப்பிடிக்காத எஃகுத் தட்டுகள் ஆகியவற்றுக்கும் முழு விரிப்பு கட்டாயமன்று.

விரிப்பு உண்மையாகவே தேவைப்படுவது பிளைவுட், துகள்பலகை, மரம் ஆகியவற்றால் ஆன தட்டுகளுக்குத்தான். ஓரங்களில் மைக்கா பெயர்ந்து ஈரம் புகுந்தால் துகள்பலகை உப்பிப் போகும். உப்பியது மீண்டும் பழைய நிலைக்கு வாராது. அங்கும்கூட எண்ணெய்ப் பாத்திரங்களை ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தில் சேர்த்து வைத்தால், வழிவதெல்லாம் தாம்பாளத்தோடு நின்றுவிடும். வாரம் ஒருமுறை தாம்பாளத்தைக் கழுவினால் வேலை முடிந்தது. தரைக்குப் பதித்தபின் மிஞ்சிய ஓடுகளையும் இதற்குப் பயன்படுத்தலாம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு தட்டைவிடச் சுற்றுச்சூழலுக்கு உகந்த விரிப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது.

செய்தித்தாளும் நெகிழிச் சுருளும்

நெடுங்காலமாக நம் இல்லங்களில் அலமாரி விரிப்பு என்றால் செய்தித்தாள்தான். செலவில்லை, எளிதில் மாற்றலாம் என்பன அதன் சிறப்புகள். எனினும் அச்சுமையில் உள்ள நிறமிகளும் கனிம எண்ணெய்களும் உணவில் கலப்பது உடலுக்குத் தீங்கு. உணவைச் செய்தித்தாளில் பொதிவதை எதிர்த்து இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-ஆம் ஆண்டிலேயே அறிவுரை வெளியிட்டது. உணவைப் பொதியவும் சேமிக்கவும் செய்தித்தாளைப் பயன்படுத்துவதற்கு 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு ஒழுங்குமுறைகள் தடை விதித்துள்ளன. மூடிய டப்பாக்கள் அடுக்கும் தட்டில் இதனால் பெரிய இடர் இல்லை. ஈரத்தோடு கவிழ்த்து வைக்கும் தம்ளர், தட்டு, கரண்டி ஆகியவற்றின் கீழ் மட்டும் செய்தித்தாள் வேண்டாம்.

இதில் ஒரு சிறு வரவுக் கணக்கும் உண்டு. தூய்மையான பழைய செய்தித்தாளுக்குப் பழைய பேப்பர் கடையில் விலை கிடைக்கும். அது ஆலைக்குச் சென்று மீண்டும் காகிதமாகும். எண்ணெய் படிந்த தாளைக் கடைக்காரரும் ஏற்பதில்லை, ஆலையும் ஏற்பதில்லை. இலவசம் என்று நாம் எண்ணும் விரிப்புக்கும் ஒரு விலை இருக்கிறது.

செய்தித்தாளின் இடத்தைப் பிடித்தது நெகிழிச் சுருள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பளபளப்பான சுருள்களில் பல பி.வி.சி. என்னும் நெகிழியால் ஆனவை. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். தண்ணீர்க் குழாய்கள் அதனால் செய்யப்படுவதே இதற்குச் சான்று. அதை மென்மையாக்குவதற்குத் தாலேட் போன்ற இளக்கிகளைச் சேர்க்கின்றனர். இந்த இளக்கிகள் நெகிழியோடு வேதிப்பிணைப்புக் கொள்வதில்லை, நாளடைவில் வெளியேறுகின்றன, எண்ணெய்ப் பசை பட்டால் இன்னும் எளிதாக வெளியேறுகின்றன. புதிய சுருளில் வீசும் மணமும், ஓராண்டில் விரிப்பு விறைத்து மூலைகள் சுருண்டுபோவதும், மைக்காவில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இதனால் நேர்பவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் நான்கு வகைத் தாலேட்டுகளுக்கு நுகர்பொருள்களில் 0.1 விழுக்காடு என்னும் வரம்பு 2020 முதல் நடைமுறையில் உள்ளது. நம் நாட்டிலும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களில் தாலேட்டுகளுக்கு இந்தியத் தர நிர்ணயம் வரம்பு வகுத்துள்ளது.

பி.வி.சி.யின் பெரிய குறை அதன் இறுதிக் காலத்தில்தான் வெளிப்படுகிறது. அதில் குளோரின் அடங்கியுள்ளது. எரித்தால் கண்ணையும் மூச்சையும் கரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வளியும், டயாக்சின் என்னும் நச்சுப்பொருள்களும் உண்டாகின்றன. குப்பைமேட்டில் தீ மூளும்போது அப்புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அங்கே பொருள் பொறுக்கிப் பிழைக்கும் தொழிலாளர்கள். நம் வீட்டு அலமாரியின் பூப்போட்ட விரிப்புக்கும் அவர்களுடைய நுரையீரலுக்கும் இடையே உள்ள தொலைவு நாம் நினைப்பதைவிடக் குறைவு.

நெகிழிதான் வேண்டும் என்போர் ஈ.வி.ஏ. அல்லது சிலிகான் விரிப்புகளைக் கருதலாம். இவற்றில் குளோரின் இல்லை. இவையும் மண்ணில் மட்குவதில்லை. எனவே தடித்ததாக ஒருமுறை வாங்கிப் பல்லாண்டு கழுவிப் பயன்படுத்தினால் மட்டுமே இவற்றுக்கு நியாயம் உண்டு.

இயற்கை தரும் விரிப்புகள்

பருத்தி: தடித்த பருத்தித்துணி நம் சமையலறைக்கு எல்லா வகையிலும் ஏற்றது. வெந்நீரில் துவைக்கலாம்; வெயிலில் உலர்த்தலாம்; தட்டுக்குத் தக்கபடி தைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்க வேண்டும் என்பதுகூட இல்லை. பழைய வேட்டியையோ பருத்திப் புடவையையோ நான்கு மடிப்பாக மடித்து ஓரம் தைத்தால் உறுதியான விரிப்பு அணியமாகிவிடும். கஞ்சி போட்ட துணியை மட்டும் தவிர்க்க வேண்டும். மாவுப்பொருள் இராமபாணப் பூச்சிகளுக்கு விருந்து. துணியின் மீது தேன்மெழுகை உருக்கித் தடவினால் ஈரம் ஓரளவு தாங்கும். அவ்வாறு மெழுகிய துணியை வெந்நீரில் இடாமல் குளிர்ந்த நீரில் துடைக்க வேண்டும்.

கோரை: மேற்கு வங்காளத்தின் மேதினிப்பூர் மாவட்டங்களில், குறிப்பாகச் சபங் வட்டாரத்தில், ‘மாதுர்’ என்னும் பாய் நெய்யப்படுகிறது. அதற்கான மாதுர்காட்டி என்னும் புல், நம் கோரைக்கு நெருங்கிய உறவு. 2018-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திருநெல்வேலிப் பகுதியின் பத்தமடைப் பாயும் புவிசார் குறியீடு பெற்றதே. உயர்ரகப் பாயை வெட்டி அலமாரியில் இட வேண்டியதில்லை. சாதாரணக் கோரைப்பாயில் ஒன்று போதும். ஓரம் அறுந்து கிழிந்த பழைய பாயின் நல்ல பகுதியையே வெட்டி, விளிம்பில் துணிக்கரை தைத்துக்கொள்ளலாம். சாயம் ஏற்றாத பாயே நல்லது. ஈரம் பட்டால் சாயம் கசியும். பாயின் இடுக்குகளில் இரவையும் சர்க்கரையும் விழுந்து எறும்பை அழைக்கும் என்பதால், மூடிய டப்பாக்கள் இருக்கும் தட்டுகளுக்கே இது பொருந்தும்.

சணல்: கனமான பாத்திரங்கள் அடுக்கும் தட்டுக்குச் சணல் விரிப்பு ஏற்றது. இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சணல் இழைகளை மென்மைப்படுத்த ஆலைகளில் எண்ணெய் கலந்த நீரைத் தெளிப்பது வழக்கம். சில வகைகளில் அது கனிம எண்ணெயாக இருக்கும். புதிய கோணியில் வீசும் மணத்துக்கு அதுவே காரணம். உணவுப் பொருள்களுக்கென்று தாவர எண்ணெய் கொண்டு செய்யும் சணலும் உண்டு. கேட்டு வாங்குவது நலம். இரண்டாவது, விரிப்பின் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மெல்லிய நெகிழிப் படலம் ஒட்டியிருந்தால் அது முழுச் சணல் அன்று. மட்கவும் மட்காது, மறுசுழற்சிக்கும் ஆகாது.

மூங்கில்: மெல்லிய சிம்புகளை நூலால் கோத்த மூங்கில் விரிப்பு காற்றோட்டம் தரும். பீங்கான், கண்ணாடிப் பாத்திரங்களுக்கு நல்லது. ஈரம் தொடர்ந்து பட்டால் கறுக்கும். பதப்படுத்தாத மூங்கில் உளுத்துப்போகும். விரிப்பின் கீழோ டப்பாக்களின் பக்கத்திலோ மரத்தூள் போன்ற மாவு உதிர்ந்திருந்தால், உடனே எடுத்து வெயிலில் இட வேண்டும்.

கார்க்: ஒருவகை ஓக் மரத்தின் பட்டையே கார்க். மரத்தை வெட்டாமல் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரிக்கின்றனர். நீர் புகாது, வழுக்காது, ஓசை எழுப்பாது. உலக விளைச்சலில் ஏறத்தாழப் பாதி போர்ச்சுக்கல் நாட்டிலிருந்து வருகிறது. தொலைதூரத்திலிருந்து வரும் பொருள் என்பதால் விலையும் அதற்கேற்ப உயரும். கார்க் துகள்களை ஒட்டச் செயற்கைப் பசை சேர்ப்பதும் உண்டு.

கையால் செய்த காகிதம்: பீங்கான் கோப்பைகள் வைக்கும் உலர்ந்த தட்டுக்குத் தடித்த கைக்காகிதம் அழகும் பயனும் தரும். ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேர் இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பருத்தித் துணிக்கழிவைக் கூழாக்கி அங்கே காகிதம் செய்கின்றனர். மரம் வெட்டத் தேவையில்லை. காதி மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையத்தின் கைக்காகித ஆய்வு நிறுவனம் அங்கேதான் உள்ளது. அதற்குச் சூட்டிய பெயர் குமரப்பா.

முதலா, வட்டியா?

தஞ்சாவூரில் 1892-இல் பிறந்து, இலண்டனில் கணக்காளர் பயிற்சி பெற்றவர் ஜே.சி. குமரப்பா. காந்தியடிகளின் முன்முயற்சியால் 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை வழிநடத்தியவர். நிலைபேறான பொருளாதாரம் பற்றி அவர் எழுதிய நூல் புகழ் பெற்றது. தோண்டத் தோண்டக் குறைந்துகொண்டே வரும் இருப்பு வளங்கள் ஒருபுறம். ஆண்டுதோறும் புதிதாகப் பெருகும் வளங்கள் மறுபுறம் என்று அவர் பொருளாதாரத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்.

வங்கி வாடிக்கையாளர்களுக்கு இது எளிதில் விளங்கும். வைப்புத்தொகையின் முதலை எடுத்துச் செலவிடுவது ஒரு முறை. வட்டியில் வாழ்ந்து முதலைக் காப்பது இன்னொரு முறை. நிலத்தடி எண்ணெயிலிருந்து பிறக்கும் நெகிழி, பூமியின் முதலில் கை வைப்பது. ஆண்டுதோறும் வெட்ட வெட்டத் தழைக்கும் கோரையும், வயலில் விளையும் பருத்தியும் சணலும் அந்த முதலின் வட்டி. ஆயினும் வட்டியையும் வீணடிக்கலாம் என்பதை மறத்தலாகாது. பருத்தி விளையத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும். ஆண்டுக்கொரு புதிய பருத்தி விரிப்பு வாங்கி எறிபவர், பத்தாண்டு ஒரே சிலிகான் விரிப்பைக் கழுவிப் பயன்படுத்துபவரைவிடச் சிக்கனமானவர் என்று சொல்ல இயலாது. பொருளின் பெயரோடு பயன்படுத்தும் காலத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

ஆண்டுக் கணக்கு

கணக்கியலில் ஒரு சொத்தின் விலையை அதன் பயன்காலத்தால் வகுத்து, ஆண்டுத் தேய்மானம் காண்பது வழக்கம். அதே முறையை விரிப்புக்கும் கையாள்வோம். மூன்றடி நீளமும் ஓரடி ஆழமும் கொண்ட பத்துத் தட்டுகள் உள்ள சமையலறைக்கு முப்பது சதுர அடி விரிப்பு தேவை. கீழ்க்காணும் விலைகளும் பயன்காலமும் கணக்கை விளக்குவதற்காகக் கொண்டவை மட்டுமே. தங்கள் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

மெல்லிய நெகிழிச் சுருள் ரூ.450; ஓராண்டு உழைக்கும் எனில் ஆண்டுச் செலவு ரூ.450.

புதிய தடித்த பருத்தி விரிப்பு, தையற்கூலி உட்பட ரூ.1,200, நான்கு ஆண்டு உழைக்கும் எனில் ஆண்டுச் செலவு ரூ.300.

கார்க் விரிப்பு ரூ.3,600, பத்தாண்டு உழைக்கும் எனில் ஆண்டுச் செலவு ரூ.360.

பழைய வேட்டி, தையற்கூலி மட்டும் ரூ.200, இரண்டாண்டு உழைக்கும் எனில் ஆண்டுச் செலவு ரூ.100.

கடையில் மிக மலிவாகத் தோன்றிய புதுச்சுருளே ஆண்டுக் கணக்கில் மிக அதிகச் செலவுடையதாக அமைகிறது. கார்க்கின் விலை நெகிழியைப்போல் எட்டு மடங்கு. எனினும் பத்தாண்டு பயன்படுத்தினால் அதைவிடக் குறைந்த செலவே ஆகும். இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. ஐந்தாம் ஆண்டில் வீடு மாறி, அளவு பொருந்தாமல் கார்க்கை விட்டுச் செல்ல நேர்ந்தால், ஆண்டுச் செலவு ரூ.720 ஆகிவிடும்.

வாடகை வீட்டில் குடியிருப்போரும், எங்களைப் போல் சில ஆண்டுகளுக்கொருமுறை பணிமாறுதல் பெறுவோரும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். சுருட்டி எடுத்துச் செல்லக்கூடிய பாயும் துணியும் அவர்களுக்கு ஏற்றவை. பின்புறம் பசை தடவிய ஒட்டு விரிப்புகள் வீட்டு உரிமையாளரின் அலமாரியிலேயே தங்கிவிடும். உரித்தால் கறையும் தங்கும். முன்பணத்தைத் திரும்பப் பெறும் நாளில் அதுவே பேச்சுக்குக் காரணமாகும்.

ஊரின் ஈரமும் தட்டின் இடமும்

மும்பை, கொச்சி, சென்னை, கொல்கத்தா போன்ற கடல்சார்ந்த ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி. மழைக்காலத்தில் சணலும் பாயும் பூஞ்சணம் பூக்கும். அங்கே அடிக்கடி துவைக்கக்கூடிய பருத்தியும், நீர் ஏற்காத கார்க்கும் பொருந்தும். தில்லி, ஜெய்ப்பூர், நாகபுரி போன்ற வறண்ட கோடை கொண்ட ஊர்களில் பாய், சணல், கைக்காகிதம் ஆகியவை நீண்ட நாள் தாங்கும்.

ஒரே சமையலறைக்குள்ளும் இடத்துக்கு இடம் வேறுபாடு உண்டு. கழுவுதொட்டியின் கீழ்த் தட்டில் எந்த இயற்கை விரிப்பும் நிலைக்காது. அங்கே எவர்சில்வர் தட்டமோ கல்லோதான் தகும். அடுப்பை ஒட்டிய தட்டில் எளிதில் தீப்பற்றும் துணியும் காகிதமும் தொங்கும்படி விடலாகாது. மருந்து, குழந்தை உணவு வைக்கும் தட்டில் மணம் வீசும் விரிப்பு எதுவும் வேண்டாம்.

அட்டையில் அச்சிட்ட சொற்கள்

‘பசுமை’, ‘இயற்கை’, ‘மட்கும் தன்மை கொண்டது’ என்னும் சொற்கள் விற்பனையைக் கூட்டுகின்றன. ஆதாரமின்றி இவற்றைக் கையாளுவதைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ போன்ற பொதுச் சொற்களை உரிய விளக்கமும் சான்றும் இல்லாமல் பயன்படுத்தலாகாது என்பது அதன் சாரம். எனவே, எந்த வகையில் உகந்தது என்று கேட்க நுகர்வோருக்கு உரிமை உண்டு. பொருள் முழுவதுமா, உறை மட்டுமா? மட்கும் எனில் வீட்டு எருக்குழியிலா, ஆலையிலா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. மட்கும் நெகிழி என்று விற்பவை பல, உயர் வெப்பம் காக்கும் எருவாலைகளில் மட்டுமே மட்குபவை. நம் வீட்டுத் தொட்டியில் அப்படியே கிடக்கும். இவ்வகை நெகிழிக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று தேவை. நடுவண் அரசின் ‘ஈகோமார்க்’ திட்டம் 1991-இல் மண்பானைச் சின்னத்தோடு தொடங்கியது. அதற்கான புதிய விதிகள் 2024-இல் வெளியாயின. மரம், மூங்கில், கார்க், காகிதப் பொருள்களில் எஃப்.எஸ்.சி. சான்று இருந்தால், பொறுப்போடு பேணும் காடுகளிலிருந்து வந்தது என்று கொள்ளலாம். தவறான விளம்பரத்தால் ஏமாற்றம் அடைந்தோர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். அதற்குப் பட்டியல் ரசீது வேண்டும்; சிறு தொகையே ஆனாலும் கேட்டுப் பெறுவோம்.

அளந்து வாங்கி, உலர்த்தி விரிப்போம்

கடைக்குச் செல்லுமுன் தட்டுகளின் நீள அகலத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். முப்பது செ.மீ. ஆழமுள்ள தட்டுக்கு நாற்பத்தைந்து செ.மீ. அகலச் சுருளை வாங்கினால், மூன்றில் ஒரு பங்கு வெட்டி எறிய நேரும். நாம் கொடுத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கும் அதனோடு போகும்.

விரிக்குமுன் தட்டைச் சோப்பு நீரால் துடைத்து, ஒரு நாள் கதவைத் திறந்து வைத்து உலர விட வேண்டும். ஈரத்தின் மீது விரித்த விரிப்பே பூஞ்சணத்துக்கும் கரப்பான் பூச்சிக்கும் அடைக்கலம். பழைய செய்தித்தாளைத் தட்டின் அளவுக்கு வெட்டிப் பார்த்து, அதை வைத்து விரிப்பை வெட்டினால் பிழை நேராது. பசை வேண்டாம், பாத்திரங்களின் எடையே விரிப்பைப் பிடித்துக்கொள்ளும். விரிப்பின் கீழ் உலர்ந்த வேப்பிலை இடும் வழக்கத்தைத் தொடரலாம். இலை பழுப்பதற்குள் மாற்ற வேண்டும்.

மாதம் ஒருமுறை விரிப்பைத் தூக்கிப் பார்ப்பது பயன் தரும். கரப்பான் பூச்சியின் முட்டைக்கூடுகள் மூலைகளிலும் விரிப்பின் அடியிலும்தான் இருக்கும். பாயையும் சணலையும் தட்டி உதறி அரைநாள் வெயிலில் காயவைக்கலாம். இரண்டு தொகுதித் துணி விரிப்புகள் இருந்தால், ஒன்று துவைக்கப்போகும்போது மற்றொன்று தட்டில் இருக்கும்.

உழைத்து முடித்தபின், பருத்தித்துணி துடைக்கும் துணியாக இன்னும் ஓராண்டு உழைக்கும். பூச்சு ஏதுமில்லாத கோரையையும் சணலையும் சிறு துண்டுகளாக்கி எருக்குழியிலோ செடித்தொட்டியின் அடியிலோ இடலாம். வீட்டில் ஏற்கெனவே உள்ள நெகிழி விரிப்பை, இக்கட்டுரையைப் படித்த கையோடு எறிந்துவிட வேண்டாம்; உணவு படாத இடத்தில், காலணி அலமாரியிலோ கருவிப்பெட்டியிலோ விரித்து அதன் ஆயுளைக் கூட்டலாம். பின்னர் உலர்குப்பையோடு சேர்க்க வேண்டும். எரிக்கலாகாது. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதற்குத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016 தடை விதித்தன.

நெய்யும் கைகளுக்கு ஒரு வரவு

நம் செலவு இன்னொருவரின் வரவு. சபங்கின் பாய் நெசவாளர்களும், கேரளத்தில் தாழை ஓலைப்பாய் முடைவோரும், நம் ஊர்க் கோரைப்பாய்த் தறிக்காரர்களும் பெரும்பாலும் சிறு முதலில் தொழில் செய்பவர்கள். 1992-இல் நபார்டு தொடங்கிய சுய உதவிக் குழு – வங்கி இணைப்புத் திட்டத்தால் பயன்பெறும் பெண்களில் இத்தகைய கைத்தொழில் செய்வோரும் உள்ளனர். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களுள் கூடை, பாய், துடைப்பம் செய்வோரும் தென்னை நார் நெசவாளரும் அடங்குவர். அத்திட்டத்தில் பிணையின்றி முதற்கட்டமாக ஒரு லட்சம் ரூபாய் வரையும், இரண்டாம் கட்டமாக இரண்டு லட்சம் ரூபாய் வரையும் 5 விழுக்காடு வட்டியில் கடன் கிடைக்கும். தங்களுக்குத் தெரிந்த கைவினைஞர் எவரேனும் இதை அறியாதிருந்தால், எடுத்துச் சொல்வது பெரிய உதவி.

கடன் ஒரு தறியை நிறுவலாம். அந்தத் தறி ஓடிக்கொண்டிருக்க வாங்குவோர் வேண்டும். அடுத்த முறை கைவினைக் கண்காட்சிக்கோ சந்தைக்கோ செல்லும்போது, தட்டின் அளவைக் குறித்த சீட்டையும் உடன் கொண்டுசெல்வோம். அளவு சொன்னால் அதற்கேற்ப நெய்து தருவோர் உண்டு. இருப்பதைப் பயன்படுத்துவோம், தேவைப்பட்டால் நீண்டு உழைப்பதை வாங்குவோம், வாங்குவதை நெய்தவரிடமே வாங்க முயல்வோம். வீட்டுக் கணக்கில் அலமாரி விரிப்புக்கு அதன்பின் தனித் தலைப்பு தேவைப்படாது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் செலவாக அது அடங்கிவிடும்.